மூன்றடித் தண்ணீர்

அந்தச் சத்தம் உங்கள் காதிலும் விழுந்தது, எத்திராஜ் அண்ணா. டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நீங்கள் மஞ்சள் பையோடு எங்கள் படியில் நின்றுகொண்டிருந்தீர்கள். "உள்ள யாரும்மா?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி புட்டுக்கு மாவு இடிக்கிறாள் என்றேன். "கஸ்பார் வூட்ல இல்லியா?" என்றீர்கள். கப்பலில் போயிருக்கிறார், வர ஒரு மாதம் ஆகும் என்றேன்.

இரண்டும் பொய். சேச்சி அந்த நேரத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார், டூட்டி முடிந்து வந்து சாயங்காலமே படுத்துவிட்டிருந்தார். திரைக்கு அந்தப் பக்கம், தூக்கத்தில், துணி காயப்போடும் மூங்கில் கம்பால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பொய் சொல்கிறவள் இல்லை. கன்னியாஸ்திரீகளிடம் பதினோரு வருஷம் படித்தவள். எது அற்பப் பாவம், எது சாவான பாவம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டைக் காப்பாற்றச் சொன்ன பொய் அற்பப் பாவம்தான். ஆனாலும் நீங்கள் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் உட்கார்ந்து இந்த விசாகப்பட்டினம் வரைக்கும் வந்தவர். "செரிம்மா, கொயந்திக்குக் குடு" என்று பையைப் படியில் வைத்தீர்கள். உங்கள் ஊர் விலாசம் எழுதிய காகிதத்தை அதன் மேல் வைத்து, தம்பி கடைசியாக என்ன சொன்னான் என்று அம்மா கேட்கச் சொன்னதாகச் சொன்னீர்கள். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் போனீர்கள். அது உறுத்துகிறது.

அதற்காக மட்டும் எழுதவில்லை. அடுத்த பத்தாம் தேதி அவருக்கு லீவு. உங்கள் ஊருக்கு வரப்போகிறேன் என்கிறார். தனியாக வந்தால் நான் ஏன் தடுக்கப்போகிறேன்? என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாராம். பத்து மாதப் பெண்பிள்ளை. அதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் கேட்க வந்ததையெல்லாம் நானே எழுதிவிடுகிறேன். பிறகு அவர் வந்து சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கும்? படித்ததும் ஒரு தந்தி அடியுங்கள். எல்லாம் தெரிந்துவிட்டது, வர வேண்டாம் என்று. நாலு வார்த்தைதான்.

முதலில் அந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

கப்பல் என்று ஊருக்குச் சொல்கிறோமே தவிர, அது கப்பல் இல்லை. தட்டையான அடி. முன்பக்கம் கூர்மையாக இருக்காது, சுவர் மாதிரி நேராக நிற்கும். அந்தச் சுவர்தான் கதவு. படகு கரை மண்ணில் முட்டியதும் சங்கிலியை விடுவார்கள், கதவு முன்னால் சாய்ந்து பாலமாகிவிடும், உள்ளே இருக்கிற பட்டாளம் அதன் மேல் நடந்து இறங்கும். கல்யாணமான புதிதில் அவர் இதைச் சொன்னபோது, "கப்பலுக்குக் கதவா?" என்று சிரித்தேன். "ஆமாட்டி, கோழிக்கூடு மாதிரி. தொறந்தா எல்லாம் வரிசையா எறங்கும்" என்றார்.

அவர் அதில் கம்புக்காரர். ஆழம் பார்க்க, சிவப்பும் வெள்ளையுமாக அடிக்கு ஒரு பட்டை அடித்த கம்பு. எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர், தண்ணீரை அறிந்தவர் என்றுதான் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். கதவு இறங்கியதும் கம்புக்காரன்தான் முதலில் இறங்க வேண்டும். பத்து எட்டு முன்னால் நடந்து, குத்திக் குத்திப் பார்த்து, திரும்பிக் கையைத் தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டாளம். "என்னத்துக்குப் பத்து எட்டு? படகுதான் தரை தட்டிருச்சே" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கரைக்கு முன்னால மண்திட்டு ஒண்ணு கெடக்கும்ட்டி. படகு அதுல ஏறி நிக்கும், கரை வந்துட்டுன்னு தோணும். திட்டைத் தாண்டுனா மறுபடியும் பள்ளம். நம்மூர்ல சின்னப் பயலுக்குக்கூடத் தெரியும்."

அப்படியென்றால் குண்டு வந்தால் முதலில் யார் மேல் விழும்? நான் அதைத்தான் யோசித்தேன். எந்தப் பெண்டாட்டியும் அதைத்தான் யோசிப்பாள்.

போன வருஷம் நவம்பரில் ஒரு ராத்திரிக்கு மட்டும் வீட்டுக்கு விட்டார்கள். எங்கே போகிறார்கள் என்று சொல்லக்கூடாது. கிழக்கே என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஏழாவது மாதம். பக்கத்து வரிசையில் ஒரு அக்கா, அவள் புருஷனும் அதே படகுதான், என்னிடம் சொன்னாள்: "கதவு எறங்கின ஒடனே முன்னால நிக்கிறவனைத்தான் சுடுவாங்க." அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கிளம்பும்போது கையைப் பிடித்து என் வயிற்றின் மேல் வைத்தேன். "கதவு எறங்கின பிறகு நீங்க ஒரு அடிகூட வெளியே வைக்கக்கூடாது. இது மேல ஆணையிடுங்க" என்றேன்.

"பைத்தியமாட்டி ஒனக்கு? எஞ் சோலியே அதுதாம்."

"ஆணையிடுங்க."

"வெளிய வண்டி நிக்கி."

"நிக்கட்டும்."

வெளியே ஹாரன் அடித்தார்கள். நான் கையை விடவில்லை. கடைசியில், "செரி, இது மேல ஆணை. எறங்கல. போதுமா?" என்றார். அப்போது பிள்ளை உள்ளே உதைத்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆணையிடுவது தப்பு என்று எனக்குத் தெரியும், மறுவாரமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் உயிரோடு திரும்பியது அந்த ஆணையால்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி உங்கள் தம்பி.

இரண்டு நாள் பயணம். படகில் முப்பது ஜவான்கள், எல்லோரும் வாந்தி. அவர்களில் தமிழ் பேசியது முனிரத்தினம் மட்டும்தான். கதவுக்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் காலடியிலேயே ஒண்டிக்கொண்டு கிடந்தாராம். நான் வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயை அவர் கொடுக்க, உங்கள் தம்பி நக்கிக்கொண்டே, "இம்மாந் தண்ணிய யாருண்ணே கொணாந்து ஊத்துனது?" என்று கேட்டாராம். தூக்கத்தில் இவர் அதைச் சொல்லும்போது இன்றைக்கும் லேசாகச் சிரிப்பார்.

ஊர்க்கதையெல்லாம் சொன்னாராம். உங்கள் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்குவது, செம்மண், கமலைக் கிணறு. நீச்சல் தெரியுமா என்று இவர் கேட்டதற்கு, "எங்க தெரியும்ணே? கெணத்தாண்ட போனாலே எங்கண்ணன் தோல உரிச்சிடும். ஒரு தபா படியில கால வெச்சதுக்குப் புளியங்கொம்பால வாங்குனேன். அதுக்கப்புறம் எட்டிக்கூடப் பாக்கல" என்றாராம். உங்களைப் பற்றி ரொம்பப் பாசமாகத்தான் பேசியிருக்கிறார், அண்ணா. கேட்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

காலையில் கரை தெரிந்தது. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. கரையில் ஒரே ஒரு எருமை நின்றுகொண்டிருந்ததாம். அதைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. படகு தரை தட்டி நின்றது. சங்கிலியை விட்டார்கள். கதவு இறங்கியது. இவர் கதவின் விளிம்பு வரை போனார். அங்கேயே நின்றார். கையை நீட்டிக் குத்திப் பார்த்தார். மூன்றடி. கையைத் தூக்கினார்.

மூன்றடிதான், அண்ணா. அவர் குத்திய இடத்தில் மூன்றடிதான் இருந்தது. அதில் என்ன பொய்?

உங்கள் தம்பிதான் முதலில். விளிம்பில் நின்று திரும்பிப் பார்த்து, "அண்ணே, எவ்ளோ ஆயம்?" என்று கேட்டிருக்கிறார். "மூணடிதாம் தம்பி, போ" என்று இவர் சொல்லியிருக்கிறார். "அப்ப இடுப்புகூட நனையாது" என்று துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கினார். உங்கள் அம்மா கேட்டு அனுப்பிய கடைசி வார்த்தை அதுதான். அப்ப இடுப்புகூட நனையாது. நல்ல வார்த்தைதான். பயந்து சொன்ன வார்த்தை இல்லை.

பின்னால் ஐந்து பேர். ஏழெட்டு எட்டு வைத்தார்கள். பிறகு முன்னால் போனவர் இல்லை. துப்பாக்கி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்ததாம், தண்ணீருக்கு மேல், நேராக. பின்னால் வந்த ஐந்து பேரும் திரும்பிக் கதவில் ஏறிக்கொண்டார்கள். முதுகில் மூட்டை, இடுப்பில் தோட்டா, காலில் பூட்ஸ். நீச்சல் தெரிந்தவனே மேலே வர முடியாது. உங்கள் புளியங்கொம்பை நினைத்து நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

அந்த நேரத்தில் படகு திட்டிலிருந்து சறுக்கிப் பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. கதவைத் தூக்கு, பின்னால் எடு என்று உத்தரவு. கதவைத் தூக்கும் சக்கரமும் இவர் பொறுப்புதான். சுற்றினார். விளிம்பில் ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது என்கிறார். கை எதுவும் இல்லை என்று கூட இருந்த நாலு பேரும் சொல்கிறார்கள். நாலு பேர் சொல்வதை நம்புவதா, ஒருத்தர் சொல்வதை நம்புவதா? நான் நாலு பேர் பக்கம்தான்.

அவ்வளவுதான். உங்களுக்கு வந்த காகிதத்தில் வீரமரணம் என்று போட்டிருக்கிறதே, அது அப்படியே இருக்கட்டும். அம்மாவிடம் குண்டு என்றே சொல்லுங்கள். குண்டு என்றால் ஒரு கணக்கு முடிந்த மாதிரி இருக்கும்.

அவர் ஜனவரியில் வந்தார். பிப்ரவரியில் டெல்பின் பிறந்தாள். பிள்ளையைக் கையில் கொடுத்தேன், வாங்கவில்லை. "கை ஈரமா இருக்கு" என்றார். காய்ந்த கை. நான் பார்த்தேன்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் திடீரென்று, "எமரன்ஸ், அந்தப் பத்து எட்டு" என்று ஆரம்பித்தார். நான் அவர் வாயைப் பொத்தினேன். சண்டை முடிந்தது, அதைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு கூடாது என்று சொல்லிவிட்டேன். மறக்க வேண்டுமானால் பேசக்கூடாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. மறுபடி இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தார். அப்போதெல்லாம் நான் ரேடியோவை வைத்துவிடுவேன். பிறகு விட்டுவிட்டார். சேச்சியிடம்கூடச் சொன்னேன், பார்த்தீர்களா, குணமாகிவிட்டார் என்று. உங்கள் தம்பியைப் பற்றி மேலே நான் எழுதியதெல்லாம் அவர் உட்கார்ந்து சொன்னது இல்லை. தூக்கத்தில் துண்டு துண்டாகச் சொன்னதையும், கூட இருந்தவர்கள் சொன்னதையும் நான் சேர்த்து வைத்தது.

பேச்சு நின்ற பிறகுதான் கம்பு ஆரம்பித்தது.

முதலில் கட்டிலைச் சுற்றி. பிறகு அறை முழுக்க. பிறகு வாசல், படி, தெரு. காலையில் கேட்டால் எதுவும் தெரியாது. தெருக்கதவைத் தாழ் போட விடமாட்டார், மூடினால் எழுந்து திறந்துவிடுவார். நான் பின்னாலேயே போய், துறைமுகச் சாலை வரும் முன்னே தோளைத் தொட்டுத் திருப்பிக் கூட்டி வருவேன். மாடு மாதிரி கூடவே வருவார். இதில் எனக்குப் பழகிவிட்டது. மனுஷிக்கு எதுதான் பழகாது?

பழகாதது ஒன்று நடந்தது. நீங்கள் வந்துபோனதற்கு மூன்று நாள் முன்பு. சத்தம் நின்றுவிட்டதே என்று கண் விழித்தேன். பக்கத்தில் பிள்ளை இல்லை. ஓடி வெளியே வந்தேன். தெருக்குழாய்ப் பக்கம், அவர் நடந்துகொண்டிருந்தார். டெல்பினை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீருக்குள் நடக்கிறவன் மாதிரி காலை இழுத்து இழுத்து வைத்தார். பிள்ளை அழவில்லை, அண்ணா. மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் தூங்கவில்லை. சேச்சி சொன்னாள்: "மோளே, ஆஸ்பத்திரியில் சொல்லு. அவங்க பாத்துக்கும்." சொன்னால் என்ன ஆகும்? மனநோய் வார்டில் போடுவார்கள். சர்வீஸிலிருந்து அனுப்புவார்கள். இந்தத் தெருவில் கஸ்பார் சண்டைக்குப் போய் வந்த ஆள், அவர் நடந்தால் எழுந்து நிற்கிறார்கள். அதை நானே கெடுப்பேனா? இந்த நிலைமையில்தான் நீங்கள் வந்து படியில் நின்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவர் எழுந்து எதையெல்லாம் சொல்வாரோ என்று பயந்தேன். பொய் சொன்னேன். இப்போது புரிகிறதா?

பையை அடுக்களையில் மறைத்து வைத்தேன். முந்தாநாள் அவர் கண்ணில் பட்டுவிட்டது. காயாத வேர்க்கடலை, மண் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துத் தேய்த்தார். விரலில் சிவப்பாக ஒட்டியது.

"இது அவம் மண்ணுல்லா" என்றார். "யார் வந்தா?"

எனக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. அண்ணன்காரர் வந்தார் என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கீழே உட்கார்ந்து கடலையை ஒவ்வொன்றாக உரித்தார். தின்னவில்லை, உரித்து உரித்து வைத்தார்.

"லீவு எழுதிக் குடுத்துட்டு அவங்க ஊருக்குப் போறேன், எமரன்ஸ். அவங்கம்மா முன்னால நின்னு, மூணடின்னு சொன்னது நாந்தாம்னு சொல்லணும். பிள்ளையும் தூக்கிட்டுப் போறேன்."

"பிள்ளை எதுக்கு?"

"அவ மேலதான ஆணையிட்டேன். அந்தம்மா பாக்க வேண்டாமா, எதுக்காக நான் எறங்கலன்னு?"

அண்ணா, எனக்கு இது விளங்கவே இல்லை. நான் ஆணை வாங்கியது குண்டுக்காக. அங்கே குண்டே இல்லை. அதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? என் பிள்ளையைக் கொண்டுபோய் மகனைப் பறிகொடுத்த ஒருத்தி முன்னால் எதற்குக் காட்ட வேண்டும்? அவள் கண் என் பிள்ளை மேல் எப்படி விழும்? நீங்களே சொல்லுங்கள். உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. நானும் ஒரு அம்மா, அதனால் சொல்கிறேன்.

தந்தி அடிப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் நல்லவர், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கையெழுத்துப் போடலாம் என்று இருந்தேன். போட முடியவில்லை. இடையில் ஒன்று நடந்துவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

திரைக்குப் பின்னால் அவர் எழுந்தார். கம்பை எடுக்கவில்லை. சட்டை போட்டார், பெல்ட் மாட்டினார். தூக்கத்தில் அவர் பெல்ட் மாட்டுவதில்லை. நான் காகிதத்தை மடியில் மறைத்தேன். "பத்தாம் தேதி வரைக்கும் எனக்குத் தாங்காது. காலை வண்டிக்கே போறேன்" என்றார். லீவு இல்லாமல் போனால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்றேன். "போடட்டும்" என்றார். "பிள்ளைக்கு ஒரு போர்வை எடு. நான் சேச்சி வீட்டுக்காரர்ட்ட ரயிலுக்குத் துட்டு கேட்டுட்டு வாரேன்."

நல்ல நிதானமான குரல். கல்யாணமான புதிதில் பேசுவாரே, அந்தக் குரல். என் தலையில்கூட ஒரு தடவை கை வைத்துவிட்டுப் போனார். கை காய்ந்துதான் இருந்தது.

அவர் படி இறங்கினார். சேச்சி வீட்டுக் கதவைத் தட்டுவது கேட்டது. சேச்சி வீட்டுக்காரர் எழுந்து பேசுவது கேட்டது. நான் போர்வையை எடுத்தேன். பிள்ளையைச் சுற்றினேன். அவள் தூக்கத்தில் சப்புக்கொட்டினாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றேன். கொடுத்துவிடத்தான் வந்தேனோ என்னவோ, சத்தியமாக எனக்கே தெரியாது.

அவர் திரும்பி வந்தார். தெருவிளக்கு முதுகுக்குப் பின்னால், முகம் தெரியவில்லை. படியில் கால் வைத்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார்.

"தா, எமரன்ஸ்."

விழித்திருந்தார், அண்ணா. நன்றாக விழித்திருந்தார். அதை நான் மறைக்கமாட்டேன்.

கதவைத் தள்ளினேன். விளிம்பில் அவர் விரல் இருந்தது. எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு நிமிஷம் பொறுத்தேன். எடுத்தார். பிறகு தாழ்ப்பாளை இழுத்துப் போட்டேன்.